திருக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பர்மாவில் யாங்கோன் (ரங்கூன்) ஆற்றின் தென்கரையில் இருக்கும் நம் மாரியம்மன் கோயில் திருக்குளத் திருப்பணி அம்மன் அருளால் நல்லபடியாக முடிந்தது. மழை பிடிப்பதற்குள் கரையைக் கட்டிவிட வேண்டும் என்றுதான் தை மாதமே பூஜை போட்டோம். அப்படியே நடந்தது. வைகாசியில் இறங்கிய மழை நின்று பெய்து, இதை எழுதும்போது குளம் நிரம்பிக் கலிங்கு வழியாக உபரித் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு முழுவதும் ரசீதுகளோடு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது. ஒரு பிரதி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். யாரும் வந்து பார்க்கலாம், கேட்கலாம். ரங்கூன் அன்பர்கள் கொடுத்தார்கள். 1964ஐ ஒட்டிப் பர்மாவை விட்டுத் தமிழ்நாட்டுக்குப் போய்விட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் தாத்தா பெயரில் அனுப்பி வைத்தார்கள். பணம் கொடுக்க முடியாத பல வீடுகள் ஆள் கொடுத்தன. மண் சுமந்த அந்தக் கைகளின் பெயரும் நன்கொடைப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இனி வேலை விவரம். சனம் குடிக்கிற குளத்தை ஒரேயடியாக வற்ற வைத்துத் தூர்வார முடியாது. அதனால் நடுவில் குறுக்குக் கரை போட்டுக் குளத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மண் எடுக்கும்போது மறு பாதியில் தண்ணீர் எடுக்க விட்டோம். வண்டல் சில இடங்களில் நாலடிக்கு மேல் படிந்திருந்தது. வரத்துக்கால் குளத்தில் சேரும் வாயில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறோம். மண் அங்கேயே தங்கிவிடும், வருடா வருடம் அதை மட்டும் வாரினால் போதும். கிழக்குப் படித்துறை புதிது. மாடு இறங்காமல் சுற்றிலும் வேலி போட்டாயிற்று.

“இவ்வளவு செலவு செய்கிறோம், இன்னும் பத்தடி ஆழப்படுத்தினால் என்ன?” என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வடமேற்கு மூலையில் ஒரு சோதனைக் குழி வெட்டிப் பார்த்தோம். சாம்பல் நிறக் களிமண் முடிந்ததும் அடியிலிருந்து ஊற்று கசிந்தது. வெட்டிக்கொண்டிருந்த பையன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து உடனே துப்பினான். உப்பு. யாங்கோன் ஆற்றில் கடல் ஏற்றம் வந்து போகிறது. நம் தென்கரையில் மண்ணுக்கு அடியில் இருப்பதும் உவர் நீர்தான். அந்தக் களிமண் படுகைதான் மழைத் தண்ணீரை உவர் படாமல் தாங்குகிறது. குழியை அன்று மாலையே களிமண் கொட்டி இடித்து மூடினோம். ஆக, இந்தக் குளம் இதற்கு மேல் பெரிதாகாது. நமக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் இவ்வளவுதான்.

கணக்கையும் பாருங்கள். ரங்கூன் பக்கம் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் அநேகமாக எல்லாம் மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடும். அப்புறம் ஆறு மாதம் வானம் பார்த்த பிழைப்பு. குளம் நிரம்பினால் ஒன்பதடி. கோடையில் நாளுக்கு அரை சென்டிமீட்டர் அளவில் வெயிலே குடித்தாலும் ஆறு மாதத்தில் மூன்றடி போய்விடுகிறது. அடியில் ஓரடி சேறு. மீதி ஐந்தடிதான் நமக்கும், பர்மியக் குடும்பங்களுக்கும், பள்ளிவாசல் தெருவுக்கும், புத்த பிக்குகள் இருக்கிற பொங்கி மடத்துக்கும் சேர்த்து.

போன சித்திரையில் குளம் காய்ந்தபோது மழை குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். மழை குறையவில்லை. எடுப்பு கூடிவிட்டது. தோளில் தடி போட்டு இரண்டு பக்கமும் டின் தொங்கவிட்டுத் தூக்கின காலத்தில், எவ்வளவு எடுக்கலாம் என்பதை உடம்பே முடிவு செய்தது. டீசல் மோட்டார் வந்ததும் அந்த வரம்பு போய்விட்டது. ஒருவர் தோட்டத்துக்கு ஹோஸ் போட்டார். இன்னொருவர் புதிதாகக் குடி வந்தவர்களுக்கு வண்டியில் தண்ணீர் விற்றார். அவர் எடுக்கும்போது நாம் ஏன் சும்மா இருப்பது என்று மூன்றாமவர் பெரிய தொட்டி கட்டினார். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள். நாம் எடுக்காமல் விட்டால் அது குளத்தில் தங்காது, அடுத்தவர் தொட்டிக்குத்தான் போகும் என்று ஆளாளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் குளத்தை வற்ற வைத்தது.

நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. நம் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்சென் என்ற நார்வே ஆய்வுக் கப்பல் 1979-80ல் பர்மாக் கடலில் மீன்வளத்தைக் கணக்கெடுத்தது. அதே பெயர் கொண்ட கப்பல் 2013ல் மறுபடி வந்து பார்த்தபோது, கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தன. ஐராவதி முகத்துவாரத்துக் கண்டல் (அலையாத்தி) காடுகளும் அப்படித்தான் போயின. விறகுக்கும் கரிக்கும் கொஞ்சம், நெல் வயலுக்கும் இறால் பண்ணைக்கும் கொஞ்சம் என்று வெட்டினார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது கடல் அலையைத் தடுக்கப் பல இடங்களில் மரம் இல்லை. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். குடிநீர்க் குளங்களில் உப்பு ஏறி, இறைத்துக் கழுவி அடுத்த மழைக்குக் காத்திருந்த கிராமங்களை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம்.

1968ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகமெங்கும் பேசப்பட்டது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாடு விடுவார்கள், லாபம் அவருக்கு, நஷ்டம் எல்லோருக்கும், கடைசியில் நிலம் அழியும் என்பது அவர் வாதம். ஒன்று தனியாருக்குக் கொடு, இல்லை அரசாங்கம் பிடித்துக்கொள் என்றுதான் பலரும் இதற்கு வழி சொன்னார்கள். நம் பொதுக்குழுவிலும் அதே இரண்டு யோசனைகள் வந்தன. குளத்தைக் குத்தகைக்கு விடலாம் என்றார் ஒருவர். அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். கோயில் நிலம்தானே, வேலிக்குப் பூட்டுப் போட்டு நம்மவர்களுக்கு மட்டும் திறக்கலாம் என்ற மூன்றாவது யோசனையும் வந்தது.

மூன்றையும் குழு ஏற்கவில்லை. பூட்டுப் போடுகிற யோசனையை ஏற்காததற்குக் காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறோம். நம் பாட்டன்மார் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவர்கள். அங்கே ஊருணியில் தெருப் பிள்ளைகள் குளிக்கக்கூடாது, மாடு கழுவக்கூடாது, கரையில் செருப்போடு ஏறக்கூடாது. ஊரே கட்டுப்பட்டது. ஆனால் அந்த ஊரிலும் சில தெருக்காரர்களைப் படியில் இறங்க விடாமல் ஒதுக்கி வைத்தார்கள். கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம், ஒதுக்கி வைப்பது இங்கே வேண்டாம். நர்கிஸ் முடிந்த வாரத்தில் பொங்கி மடம் நமக்குக் கதவைத் திறந்து சோறு போட்டதையும் மறக்க முடியாது.

நான்காவது வழி ஒன்று இருக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் சுவிட்சர்லாந்து மேய்ச்சல் மலை, ஸ்பெயின் வாய்க்கால், ஜப்பான் கிராமக் காடு என்று பல இடங்களை ஆராய்ந்தார். பொதுச் சொத்து அழிந்தே தீரும் என்பதில்லை, பயன்படுத்துகிறவர்களே கூடி விதி செய்து அவர்களே காவல் இருக்கிற இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருக்கிறது என்று காட்டினார். 2009ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர்தான். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து டலாவிலேயே நேரம் குறித்து, ஆளுக்கு இரண்டு டின் என்று அளந்து விடுகிற குளங்கள் உண்டு.

அதையெல்லாம் வைத்து, பொங்கி மடத்துப் பெரியவர் முன்னிலையில் நான்கு தெருக்காரர்களும் கூடி முறை வகுத்தோம். தமிழிலும் பர்மியத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊர் நிர்வாகத்திலும் ஒரு பிரதி கொடுத்தாயிற்று. படித்துறைக்கு நேரே தண்ணீருக்குள் ஒரு சிமெண்டுக் கல் நிற்கிறது. அடிக்கு அடி வெள்ளைக் கோடு, ஆறடியிலும் மூன்றடியிலும் சிவப்புக் கோடு. தண்ணீர் ஆறடிக்கு மேல் இருக்கும்வரை வீட்டுக்கு நாளைக்கு நாலு டின். ஆறடிக்குக் கீழே இறங்கினால் இரண்டு. மூன்றடிக்குக் கீழே ஒன்று, அதுவும் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மோட்டார் எப்போதும் கிடையாது. விற்பனை கிடையாது. முதியவர் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் தூக்கிக் கொடுக்க வேண்டும். படித்துறையில் நின்று யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை, கல்லைக் காட்டினால் போதும்.

காவலுக்குச் சம்பள ஆள் வைக்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் குளம் திறக்கும். வேறு வேறு தெருவிலிருந்து இரண்டு வீட்டார் முறை வைத்து உட்காருவார்கள். மீறினால் முதல் தடவை கூப்பிட்டுப் பேசுவது, இரண்டாவது தடவை ஒரு நாள் தண்ணீர் நிறுத்துவது, மூன்றாவது நான்கு தெருக் கூட்டத்துக்குப் போகும். எடுத்த எடுப்பில் அபராதம் போட்டால் மீறினவர் பகையாளி ஆகிவிடுவார், அப்புறம் இரவில் வந்து எடுப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமை கூட்டுவதுதான் எங்கும் நிலைத்திருக்கிறது.

கோயிலுக்கும் இதே விதிதான். இதில் சிலருக்கு மனவருத்தம் இருக்கிறது என்று குழுவுக்குத் தெரியும். பங்குனி உத்திரம் தண்ணீர் மிகக் குறைந்திருக்கிற நேரத்தில் வருகிறது. நூறு குடம் அபிஷேகம் பரம்பரையாக நடந்தது. இனி கல்லில் தண்ணீர் ஆறடிக்குக் கீழே இருந்தால் பதினொரு குடம். பூசாரி ஐயாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்தோம். அம்மனுக்கு ஒரு குடம் போதும், பக்தர்களுக்குத்தான் நூறு வேண்டும் என்றார். கோயில் தன் பங்கைக் குறைக்காமல் அடுத்த தெருக்காரரிடம் டின் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. மண்டபக் கூரைத் தண்ணீரைப் பிடிக்க இரண்டு தொட்டி வைத்தாயிற்று. பூச்செடிக்கும் பாத்திரம் கழுவவும் அது ஆகும்.

பாக்கி வேலைகள்: தெற்குக் கரையில் ஒரு பகுதிக்குக் கல் பதிக்க வேண்டும், மீதிப் பணம் அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எடுத்த வண்டலில் ஒரு குவியல் மேற்கு வேலி ஓரம் கிடக்கிறது. தோட்டத்துக்கு வேண்டியவர்கள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். கார்த்திகையிலிருந்து தொடங்கும் காவல் முறைப் பட்டியலில் மாலை நேரத்துக்கு இன்னும் சில வீடுகள் தேவைப்படுகின்றன. பெயர் கொடுக்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது அலுவலகத்தில் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்