இழப்பீட்டு வரம்பும் உயிர்க்கணக்கும்

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம்; கண் அறுவையும் நல்லபடியாக முடிந்தது. இத்தனை நாள் எழுதாததற்கான வசவுகளை உன் பதிலில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது நம் பழைய சண்டைக்கு வருகிறேன்.

‘வழக்குப் பயம் இருந்தால்தான் இயந்திரத்துக்கு மூடி போடுவான்’ என்று மேசையைத் தட்டுவாயே, அதற்கு எதிராக ஒரு சான்று கிடைத்திருக்கிறது. வழக்குகளையும் இழப்பீட்டையும் கட்டுப்படுத்த அமெரிக்க மாநிலங்கள் 1981 முதல் 2000 வரை செய்த சட்டத் திருத்தங்களை ஆராய்ந்த பால் ரூபினும் ஜோவன்னா ஷெப்பர்டும், அவற்றால் வாகன விபத்து நீங்கலான விபத்து மரணங்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 24,000 குறைந்தன என்று 2007இல் மதிப்பிட்டார்கள். வழக்குச் செலவு மருந்தின் விலையிலும் பாதுகாப்புக் கருவியின் விலையிலும் மருத்துவரின் கட்டணத்திலும் ஏறிவிடுவதால், அவற்றை வாங்க இயலாதவர்கள் ஆபத்தோடு வாழ்கிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அவசரப்பட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ளாதே. அதே ஆய்வில் ஒரு திருத்தம் மரணங்களைக் கூட்டியிருக்கிறது: பாதிக்கப்பட்டவருக்குத் தன் காப்பீட்டிலிருந்து கிடைத்த தொகையை, தவறிழைத்தவர் தரவேண்டிய இழப்பீட்டில் கழித்துக்கொள்ள அனுமதித்த திருத்தம் அது. கட்டவேண்டிய தொகை குறைந்தவுடன் கவனமும் குறைந்திருக்கலாம்; அந்த இடத்தில் உன் மேசைத் தட்டல் செல்லும்.

வழக்குச் செலவும் ஒரு காரணமாகச் சரிந்த சிறு விமானத் தொழிலின் கதை மறுபடி என் பக்கம் இழுக்கிறது. 1978இல் 17,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்த அந்நாட்டு ஆலைகள் 1994இல் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆலையை விட்டு வெளிவந்து 18 ஆண்டுகள் கடந்த விமானத்துக்காகத் தயாரிப்பாளர்மீது பொதுவாக வழக்குத் தொடுக்க இயலாது என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது; செஸ்னா நிறுவனம் கைவிட்டிருந்த ஒற்றை எஞ்சின் விமானங்களை மீண்டும் செய்யத் தொடங்கியது. புதிய விமானம் கிடைப்பதும் பாதுகாப்புதானே?

என்னை உறங்கவிடாதது வேறொன்று. மருத்துவத் தவறு வழக்குகளில் வலிக்கும் வேதனைக்குமான இழப்பீட்டுக்குக் கலிபோர்னியா 1975இல் 2,50,000 டாலர் வரம்பு விதித்தது. விலைவாசி எங்கோ போய்விட்ட பின்னரும் 2023 வரை அந்தத் தொகை அசையவில்லை. வருமான இழப்புக்கு வரம்பில்லை என்பது சம்பாதிப்பவருக்கு ஆறுதல். குழந்தைக்கும் முதியவருக்கும் ஊதியமில்லாமல் வீட்டைச் சுமக்கும் பெண்ணுக்கும் காட்டுவதற்கு வருமானம் ஏது? அவர்களுக்கு நேரும் தீங்கே தவறிழைப்பவருக்கு மலிவாக முடிகிறது. மொத்த மரணங்கள் குறைந்தாலும், கவனக்குறைவின் சுமை இவர்கள் தலையில் கூடுதலாக விழுகிறதா என்று அந்த மொத்த எண் எனக்குச் சொல்லவில்லை.

ஆலைப் பாதுகாப்பையே வேலையாகப் பார்த்தவன் நீ. வழக்கறிஞரின் அறிவிக்கை வந்தபின் மாறியது எது, காப்பீட்டுப் பிரீமியம் ஏறியபின் மாறியது எது என்று பிரித்து எழுது. மேசையைத் தட்டாமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் எதிர்வாதி