கேட்டில் தொங்கும் பலகையைக் கழற்ற வேண்டாம், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனை நீட்டி, "அல்சேஷன்னு ஒரு நாயே கிடையாது தாத்தா, இது ஜெர்மன் ஷெப்பர்ட்" என்றதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். 'அல்சேஷன் உள்ளது, ஜாக்கிரதை' என்று கேட்டில் தொங்கும் தகரப் பலகையை இப்போது கழற்றப் போகிறீர்களாமே, சித்தி சொன்னார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இருவரும் சொன்னது ஒரே நாயைத்தான். ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் குதிரைப்படை அதிகாரி 1899இல் கார்ல்ஸ்ரூஹே நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்ற நாயை வாங்கினார். வாங்கிய கையோடு அதற்கு ஹோராண்ட் என்று பெயரையும் மாற்றினார். அதிலிருந்து வளர்ந்த இனத்துக்கு ஜெர்மன் மொழியில் 'டாய்ச்சர் ஷேஃபர்ஹுண்ட்' என்று பெயர். ஆடு மேய்ப்பவனின் நாய் என்று பொருள், அதாவது நம்மூர்ப் பட்டி நாய். அவ்வளவு மிடுக்காகத் திரியும் போலீஸ் நாயின் பூர்வீகத் தொழில் கிடை காப்பதுதான்!

பிறகு முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மனி என்ற சொல்லே பிரிட்டனில் கசந்தது. அரச குடும்பமே 1917இல் தன் ஜெர்மானியக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு 'விண்ட்சர்' ஆனது. ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் நாய் எம்மாத்திரம்? போர் முடிந்த சமயத்தில் அதற்கு 'அல்சேஷன்' என்று பெயர் வைத்தார்கள். அல்சேஸ் என்பது 1871 முதல் ஜெர்மனியிடம் இருந்து, அந்தப் போரோடு பிரான்சுக்குத் திரும்பிய எல்லைப் பகுதி. எதிரியின் பெயரைச் சொல்லாமல் எதிரியின் நாயை வளர்க்க வசதியான பெயர். ஆங்கிலேயர்களிடமிருந்து நமக்கும் அதுவே தொற்றிக்கொண்டது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப், ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற பழைய பெயரைத் திரும்ப அனுமதித்தது 1977இல்தான். ஆக, நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் லண்டன்காரனும் அல்சேஷன் என்றுதான் சொன்னான். இதைப் பேரனிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

நாய்ப் பெயர்களை நம்பி ஊர் தேடிப் போனால் இப்படித்தான் ஏமாறுவோம். கிரேட் டேன் டென்மார்க் நாய் இல்லை, அதுவும் ஜெர்மனிதான். டாபர்மேன் என்பது ஊரே இல்லை, ஆள். அபோல்டா என்ற ஊரில் வரி வசூலித்தவர். வரி வசூலுக்குப் போகிறவருக்கு எப்படிப்பட்ட நாய் தேவைப்பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுக் குட்டைக்கால் நாயை ஆளுக்கொரு விதமாக 'டேஷண்ட்', 'டாசண்ட்' என்கிறோம். எழுத்தைப் பிரித்தால் குழப்பமில்லை: டாக்ஸ், ஹுண்ட். டாக்ஸ் என்றால் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு, ஹுண்ட் என்றால் நாய். வளைக்குள் புகுந்து பேட்ஜரை மடக்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் கட்டைக்காலும் நீள உடம்பும். ஜெர்மானியர்களோ வீட்டில் அதைச் செல்லமாக 'டாக்கெல்' என்றே கூப்பிடுகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோர்கி என்ற குட்டைக்கால் நாயின் பெயர். வேல்ஸ் மொழியில் 'கோர்' என்றால் குள்ளன், 'கி' என்றால் நாய். அந்தக் 'கி'யும், கிரேக்கத்தின் 'க்யோன்', லத்தீனின் 'கானிஸ்', சமஸ்கிருதத்தின் 'ச்வன்' எல்லாமும் ஒரே வேரில் கிளைத்தவை. தேய்பிறை அஷ்டமிக்குத் தவறாமல் பைரவர் சன்னதிக்குப் போகிறீர்களே, அவருடைய வாகனத்தை அர்ச்சகர் 'சுவானம்' என்பாரே, அதுவும் இந்த வகையறாதான். இங்கிலாந்து ராணி மடியில் வைத்துக் கொஞ்சிய நாய்க்கும் பைரவர் வாகனத்துக்கும் பெயரளவில் பங்காளி உறவு! நம்முடைய 'நாய்' இந்தக் கூட்டத்தில் சேராது, அது திராவிடச் சொல்.

நம்மூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் வம்பே வைக்கவில்லை. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை: ஊர்ப் பெயரே நாய்க்கும் பெயர். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பலகை அப்படியே இருக்கட்டும். 'ஜாக்கிரதை'யில் ஜா உதிர்ந்து ரொம்ப நாளாகிறது, அடுத்த முறை வரும்போது பெயிண்டும் பிரஷ்ஷும் நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்