விதை வாங்கும் முன் தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்புப் பகுதியில் சும்மா கிடக்கும் இடத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து காய்கறித் தோட்டம் போடலாம் என்று பேச்சு எழுந்ததும், பலரும் முதலில் போவது விதைக் கடைக்குத்தான். கூட்டுத் தோட்டத்தில் விதை கடைசியாக வர வேண்டிய விஷயம். இடத்துக்கு எழுத்தில் அனுமதி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், யாருக்கு எந்த நாள் வேலை என்ற உடன்பாடு ஆகிய மூன்றும் அமைந்த பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். செழிப்பாகத் தொடங்கிய தோட்டம் அடுத்த பருவத்தில் புதர் மண்டிக் கிடந்தால், இந்த மூன்றில் எதை விட்டுவிட்டார்கள் என்று பார்த்தாலே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும்.

வாய்வார்த்தைச் சம்மதத்தை நம்பி மண்ணடிக்கக் கூடாது. குறைந்தது மூன்று ஆண்டுக்கு அனுமதி, இடத்தைத் திரும்பக் கேட்டால் நிற்கிற பயிரை அறுவடை செய்ய அவகாசம், தண்ணீர்க் கட்டணம் யார் பொறுப்பு, யாராவது அடிபட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் ஒரு பக்கத் தாளில் இருக்கட்டும். நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற தோட்ட ஆர்வலரும் அவருடைய தோழர்களும் குப்பை மேடாகக் கிடந்த மனையைத் தோட்டமாக்கியதிலிருந்து அந்த நகரில் இத்தகைய தோட்டங்கள் பெருகின. ஆனால் 1999-ல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலம் விட முனைந்தது. அறக்கட்டளைகள் முன்வந்து வாங்கியதால்தான் அவை தப்பின. எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் நிலம் யாருடையது என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும்.

இடம் கிடைத்ததும் வெயிலைப் பாருங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று தாளில் வரைந்துகொள்ள வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் தேவை. நான்கு மணி நேரமே கிடைக்கும் மூலையில் கீரை வரும். பருவம் மாறினால் நிழலும் நகரும் என்பதை மறக்க வேண்டாம்.

மண் விஷயத்தில் அவசரம் கூடாது. கட்டடம் இடித்த இடம், பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம், வண்டிகள் ஓயாத சாலையோரம் ஆகியவற்றின் மண்ணில் ஈயம் தங்கியிருக்கலாம். சாதாரண உரச்சத்துப் பரிசோதனையில் இது தெரியாது. ஈயத்தையும் சோதிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும். மாதிரி எடுப்பதற்கு, பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி, பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். அதில் அரை கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும். கார அமிலத்தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு உகந்தது. ஈயம் மிகுதி என்று தெரிந்தால் அந்த மண்ணில் கீரையும் கிழங்கும் போடவே கூடாது. தரையில் துணி விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி அமைப்பதே பாதுகாப்பு. பாத்திக்கு அண்டை கொடுக்கப் பழைய ரயில் கட்டைகளை வைக்காதீர்கள். மரம் உளுத்துப்போகாமல் இருக்க அவற்றில் ஊற வைத்த கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் மண்ணில் இறங்கும்.

பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. இரு பக்கமும் நின்று நடுவரை கையெட்ட வேண்டும். உள்ளே கால் வைத்தால் மண் இறுகி, வேருக்குக் காற்று கிடைக்காது. நீளம் 10 அடி, உயரம் 1 அடி என்றால் ஒரு பாத்திக்கு 40 கன அடி மண் பிடிக்கும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு நன்கு மட்கிய உரம், ஒரு பங்கு மணல் அல்லது தென்னைநார்க் கழிவு என்ற கலவை நல்லது. செலவைப் பார்க்காமல் மட்கு உரத்தை மட்டுமே கொட்டி நிரப்பினால் சில மாதங்களில் பாத்தி அமுங்கிப் போகும், சீக்கிரம் காயவும் செய்யும். பச்சை மரத்தூளைக் கலந்தால் அது மட்குவதற்கே தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி வெளிறி நிற்கும். பாத்திகளுக்கு இடையே 2 அடி வழி போதுமானது. ஒரு வழியாவது தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும்படி 4 அடி இருக்கட்டும்.

இனி தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பாத்தி 3.7 சதுர மீட்டர், ஆகவே ஏறக்குறைய 19 லிட்டர். பத்துப் பாத்திக்கு 200 லிட்டர், அதாவது பத்து லிட்டர் பூவாளியில் இருபது நடை. குழாய் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் முதல் வாரம் எல்லோரும் சுமப்பார்கள், மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். ஆகவே தோட்டத்தின் நடுவிலேயே குழாய் அல்லது 1,000 லிட்டர் தொட்டி வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் ஐந்து நாள் தாங்கும். அதன் வாயை வலையால் மூடுங்கள். இல்லையென்றால் ஒரே வாரத்தில் கொசு உற்பத்தியாகி, தோட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும். பக்கத்தில் 100 சதுர மீட்டர் கூரை இருந்தால் 10 மி.மீ. மழையில் சேதாரம் போக 800 லிட்டர் வரை சேகரிக்கலாம்.

தண்ணீர் ஊற்றியாயிற்று என்று சொல்வதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பார்க்க வேண்டும். மேலே கறுத்து ஈரமாகத் தெரியும் மண், உள்ளே பொடியாகக் காய்ந்திருப்பது புதியவர்கள் முறை வைத்து ஊற்றும் தோட்டங்களில் அடிக்கடி காணக்கூடியது. தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதால் வேர் மேலேயே படர்ந்து, ஒரு நாள் வெயிலுக்கே செடி துவண்டுவிடும். காலையில், செடியின் அடியில், நிதானமாக ஊற்றுவதே முறை. காய்ந்த சருகை இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போட்டால் தண்ணீர்த் தேவை கண்கூடாகக் குறையும். தண்டை ஒட்டிப் போட்டால் மட்டும் அழுகல் வரும்.

மட்கு உரத்துக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு மூன்று பங்கு சருகு. குவியல் மூன்று அடி நீள, அகல, உயரத்துக்குக் குறைந்தால் சூடேறாது. நாற்றமடித்தால் ஈரம் மிகுதி, சருகைச் சேர்த்துக் கிளறிவிட வேண்டும். சமைத்த உணவையும் இறைச்சியையும் அனுமதித்தால் எலி வரும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஆட்களின் ஒழுங்கு. பத்துப் பாத்திக்கு நாளுக்கு இருவராக வாரத்துக்குப் பதினான்கு பேர் தேவை. ஒருவர் வராவிட்டாலும் மற்றவர் இருப்பார். அத்தனை பேர் சேரவில்லையா, நான்கே பாத்தியில் தொடங்குங்கள். பாதிப் பாத்திகளைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, மீதியைப் பொதுவாக வைப்பது எங்கள் பரிந்துரை. முழுவதும் பொது என்றால் களை பறிக்க ஆளிருக்காது, முழுவதும் தனி என்றால் வேலியும் குழாயும் பழுதானால் கேட்பாரிருக்காது. பொதுப் பாத்தியில் யார் எப்போது பறிக்கலாம் என்பதை விதைக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிவிடும். 'அடுத்தவர் பறிக்கட்டும்' என்ற தயக்கத்திலேயே வீணாகும் காய் ஏராளம். இரண்டு வாரம் கவனிக்கப்படாத பாத்திக்கு நினைவூட்டல், மேலும் இரண்டு வாரம் கழித்துக் காத்திருப்போரில் அடுத்தவருக்கு மாற்றம் என்ற விதியை முதல் கூட்டத்திலேயே வைத்துவிட்டால் பின்னர் மனக்கசப்பு இல்லை. வரவு செலவை வாயிற்பலகையில் மாதந்தோறும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது பத்துச் செய்திக்குக் கீழே போய்விடும், அதில் இல்லாத முதியவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

முதல் பருவத்தில் கீரை, முள்ளங்கி, வெண்டை, காராமணி என நேரடியாக விதைத்து விரைவில் பலன் தருபவை போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அவற்றை அடுத்தடுத்து ஒரே பாத்தியில் நட்டால் மண்ணில் தங்கும் வாடல் நோய் பெருகும்.

உங்கள் நாளிதழின் வேளாண் பகுதியில், ஈயப் பரிசோதனையும் செய்து தரும் மண் ஆய்வகங்களின் முகவரிகளையும், மாதவாரியான விதைப்புப் பட்டியலையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடம் தேடிக்கொண்டிருக்கும் குழுக்களுக்கு இப்போதே பயன்படும்.

இப்படிக்கு,
கூட்டுத் தோட்டப் பணியில் உள்ள வாசகர்கள்