‘போல’ வேறு, ‘அளவு’ வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் ஸ்பானிஷ் பாடத்தைக் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியுடன் சேர்ந்து நானும் படித்து வருகிறேன். சென்ற வாரப் பாடத்தில், இருவர் அல்லது இரண்டு பொருள்கள் ஏதோ ஒன்றில் சமம் என்று சொல்ல உதவும் ‘தன்... கோமோ’ என்னும் அமைப்புக்குப் ‘போல’ என்று மட்டும் பொருள் தந்திருப்பது கற்பவரைத் தடுமாற வைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

‘போல’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘கோமோ’ ஒன்றே போதும். ‘ஆப்லா கோமோ சு பாத்ரே’ என்றால் பேச்சின் சாயல் தந்தையுடையது. ‘தன்’னின் முழு வடிவமான ‘தன்த்தோ’வைச் சேர்த்து ‘ஆப்லா தன்த்தோ கோமோ சு பாத்ரே’ என்றால் தந்தை எவ்வளவு பேசுவாரோ அவ்வளவு இவனும் பேசுகிறான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் முன்னதை ‘அப்பன் கணக்காப் பேசுதான்’ என்றும் பின்னதை ‘அப்பன் அளவுக்குப் பேசுதான்’ என்றும் சிறு பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும். நன்னூலார் உவம உருபுகளை அடுக்கும்போது ‘போல’வை முதலில் வைக்கிறார், ‘அளவு’ அந்த அடுக்கில் இல்லை.

பெயரடைக்கும் வினையடைக்கும் முன்னால் வரும் ‘தன்’ மாறுவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘தன்த்தோ’வோ அப்பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும்: ‘தன்த்தா அகுவா’ என்பது அவ்வளவு தண்ணீர், ‘தன்த்தோஸ் லிப்ரோஸ்’ என்பது அத்தனை புத்தகங்கள். ‘அவ்வளவு’, ‘அத்தனை’ என்று அளப்பதையும் எண்ணுவதையும் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு ஒருமை பன்மை மாற்றம் எளிதாகவே பிடிபடும். அஃறிணையில் ஆண்பால் பெண்பால் இல்லாத மொழியிலிருந்து போகிறவருக்குத் தண்ணீர் பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் உண்மையான இடர்ப்பாடு. பாடம் அதை ஒரே வரியில் கடந்துவிட்டது.

‘தன்’னுக்குப் பதிலாக ‘இக்வால் தே’ என்று தொடங்கினால் முடிவில் ‘கோமோ’ வராது, ‘கே’தான் வரும் என்பதையும் அடுத்த பாடத்தில் சேர்க்க வேண்டுகிறேன். ‘தன்’ என்பதை நெடிலாகத் ‘தான்’ என்று அச்சிட்டிருந்ததால், என் பேத்தி அதைத் தமிழ்த் ‘தான்’ என்றே எண்ணி வாக்கியத்தில் விட்டுவிட்டுப் படித்தாள். அதையும் குறிலாகத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.