பட்டா யார் பேரில்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போலத்தான். ஆனாலும் உபவாசக் கூடுகைக்கு நடந்தேதான் போகிறாள், ஆட்டோ பிடிக்கிறேன் என்றால் கேட்பதில்லை. மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்தும் நம் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்க ஆடி பாதி போய்விட்டது. குறுவை இல்லை. சம்பா நேரடி விதைப்புதான்.

நீ எத்தியோப்பியாவிலிருந்து கொடுத்தனுப்பிய தெஃப் விதை, அந்த ஊர்ச் சிறுதானியம், வந்தது. உறையைப் பிரித்ததும் ஃபேன் காற்றில் பாதி பறந்துவிட்டது. மிச்சத்தை ஒரு தட்டில் கூட்டி வைத்து, ஒரே ஒரு விதையைக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிப் பார்த்தேன். கேழ்வரகெல்லாம் இதற்குப் பெரியப்பா முறை. விதைக்கும் முன்னால் உழுத நிலத்தில் மாடுகளை ஓட்டி மிதிக்க விடுகிறார்கள் என்று போனில் சொன்னாயே, அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு சிறிய விதை மண்ணுக்குள் ஆழமாய் இறங்கினால் தலை தூக்காது. மேலேயே நிற்க வேண்டும், அதற்குத் தரை இறுகியிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவனுக்கு யாரும் பட்டம் கொடுத்திருக்க மாட்டார்கள். நீ விவசாயம் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறாய், சரி. முதல் இரண்டு போகம் அவர்கள் பின்னால் வரப்பில் நட.

போன தடவை பேசியபோது ஒன்று கேட்டாய். "என் பங்கு மூணு மா நிலத்தை வித்து மிஷனுக்குக் கொடுத்துடுங்கப்பா" என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு முன்னால் இப்படி ஒருவர் செய்திருக்கிறார், தெரியுமா? ஜெர்மனியில் லூனபர்க் பக்கம் ஹெர்மான்ஸ்பர்க் என்று ஒரு கிராமம். மணல் பூமி. கம்பும் கேழ்வரகும் நமக்கு எப்படியோ அப்படி அவர்களுக்குப் பக்வீட்டும் ரையும். மீதி ஆடு, தேனீ. அந்த ஊர் லுத்தரன் போதகர் லூட்விக் ஹார்ம்ஸ் 1849இல் ஒரு மிஷன் பள்ளி ஆரம்பித்தார். வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். வேதாகமமும் படிக்க வேண்டும், வயலிலும் இறங்க வேண்டும். உன்னை மாதிரிதான்.

அனுப்புவதற்குக் கப்பல் கிடைக்கவில்லை என்று சொந்தமாகவே ஒன்று கட்டினார்கள். பெயர் கந்தாகே. அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு சந்தித்தானே எத்தியோப்பிய மந்திரி, அவனுடைய ராஜாத்தியின் பட்டப்பெயர். ஊரே சேர்ந்து சாமான் ஏற்றியது. தானியம், கோழி, பன்றி, நடுக்கடலில் பண்டிகை வந்தால் வேண்டுமே என்று தொட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்கூட! 1853 அக்டோபரில் புறப்பட்டது. மிஷனரிமார் 8 பேர், குடியேறிகள் 8 பேர். குடியேறிகள் என்றால் கொல்லர், தையற்காரர், கூலியாள் இப்படி. பிரசங்கம் செய்தவர்களைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு கட்டி மண் வெட்டியவர்கள் கணக்கில் வருவதோடு சரி. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

அவர்கள் போக நினைத்தது எங்கே தெரியுமா? எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களிடம். நீ இப்போது இருக்கிற இடம்! கிழக்குக் கரை வழியாக உள்ளே விடவில்லை. கப்பலைத் திருப்பித் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குப் போய், 1854இல் பண்ணை நிலம் வாங்கி, அதற்கும் ஹெர்மான்ஸ்பர்க் என்றே பெயர் வைத்தார்கள். அந்த மிஷன் ஒரோமோக்களிடம் போய்ச் சேர 1920களின் கடைசி ஆயிற்று. நீ விமானத்தில் ஒரே நாளில் போய் இறங்கிவிட்டு, சாப்பாடு சரியில்லை என்று அம்மாவிடம் முனகுகிறாய்.

இன்னொன்று. அவர்கள் இறங்கிய அதே நேட்டால் துறைமுகத்துக்குத்தான் 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் சனங்களைக் கரும்பு வெட்ட ஏற்றிக்கொண்டு போனது. ஆறே வருஷ இடைவெளி. அவர்கள் ஜெபம் பண்ணி ஏறினார்கள், இவர்கள் கைநாட்டு வைத்து ஏறினார்கள்.

உன்னைப் போலவே நிலத்தைக் கொடுத்தவர் என்று நான் சொல்ல வந்தவர் பெயர் பேரன்ஸ். அந்த ஜெர்மன் கிராமத்தில் நல்ல வசதியான விவசாயி. தன் பண்ணையை மிஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ஆப்பிரிக்கா போனார். 1864இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் பக்வேனா மக்கள் நடுவே பெத்தானியா என்று ஒரு மிஷன் ஊரை உண்டாக்கினார். இதுவரைக்கும் ஞாயிறு பள்ளியில் சொல்கிற கதை.

சொல்லாத பாதி இது. அந்த நாட்டுச் சட்டப்படி கறுப்பர் தம் பெயரில் நிலம் பதிய முடியாது. பக்வேனாக்கள் கிம்பர்லி வைரச் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போய், காசு சேர்த்து, தாங்கள் காலங்காலமாய் ஆடு மாடு மேய்த்த மண்ணையே விலைக்கு வாங்கினார்கள். அப்படி வாங்கிய நிலங்களுக்குப் பத்திரம் மிஷனரிமார் பெயரில். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாவிட்டால் நிலமே கிடைத்திருக்காது. ஆனால் சொந்த நிலத்துக்காரன் மிஷனரி ஐயர் வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பானே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் தாத்தா பண்ணையார் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற கதை உனக்குத் தெரியும். அந்த மூன்று மாவை அவர் நம் பேருக்கு எழுதி வாங்கிய அன்றைக்குத்தான் துண்டு தோளுக்கு ஏறியது.

அதனால் விற்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. தெற்குத் தெரு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன், வருகிற நெல்லில் உன் பங்கை அறுப்பின் பண்டிகை அன்று சபையில் வைத்துவிடுகிறேன். அங்கே உன் பெயரில் கிணறோ விதைக் கிடங்கோ எதுவும் பதிய வேண்டாம். யாராவது நல்லெண்ணத்தில் கேட்டாலும் கையெழுத்துப் போடாதே. அந்த ஊர்க்காரர் பெயரிலேயே இருக்கட்டும்.

பறந்தது போக மிஞ்சிய தெஃப்பைக் கொல்லையில் ஒரு முழத்துக்குத் தரையை மிதித்து இறுக்கித் தூவியிருக்கிறேன். மாடு இல்லை, நானே மிதித்தேன். அம்மா பார்த்துச் சிரித்தாள். நாலு நாளாகிறது, பச்சை மாதிரி ஏதோ தெரிகிறது. புல்லா தெஃப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இலை எப்படி இருக்கும் என்று ஒரு போட்டோ அனுப்பு.

அப்பா