கட்டி போனது, கணையம் தேறவில்லை

ஆசிரியருக்கு,

கணைய அழற்சி பற்றித் தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை, நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்ததோடு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பாடு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பித்தக்கல் அடைத்து என் அண்ணனுக்குக் கணையம் அழுகியது. மூன்றாவது வாரம் மேல்வயிற்றில் தேங்காய் அளவு வீக்கம்; அழுகிய கணையத்தைச் சுற்றி நீர் கோத்த கட்டி. அரை இட்லிகூட இறங்கவில்லை. உடனே அறுத்து எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் நாங்கள்தான். "கட்டியின் சுவர் கெட்டிப்பட நான்கு வாரமாவது வேண்டும், இப்போது தைத்தால் நூல் நிற்காது" என்றார் அறுவை மருத்துவர். அவர் சொன்னதுதான் சரி. இப்படிக் கணையம் அழுகியவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உடனே அறுக்காமல் முதலில் குழாய் வைத்துச் சீழை வடித்துப் பார்த்தவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அண்ணனுக்குக் குழாய் போதவில்லை. ஏழாவது வாரம் கட்டியை இரைப்பையோடு இணைத்து வழி செய்தார்கள், பித்தப்பையையும் எடுத்தார்கள். வலி போயிற்று, எடை மட்டும் ஏறவில்லை. மலத்தில் எண்ணெய் மிதந்தது. கணையம் சுரக்க வேண்டிய செரிமான நொதிக்குப் பதிலாகத் தந்த மாத்திரையை மற்ற மருந்துகளோடு சேர்த்து இரவு படுக்கும்முன் விழுங்கிக்கொண்டிருந்தார். அதைச் சாப்பாட்டின் நடுவே, ஒவ்வொரு வேளையும் விழுங்க வேண்டுமாம்! மூன்று மாதம் கழித்து, சர்க்கரை பார்க்கப் போன இடத்தில்தான் தெரிந்தது.

ஆறு பக்க டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த ஒரு வரியைத் தமிழில் எழுதித் தரக் கூடாதா?

– ஒரு வாசகர், திருச்சி