வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடம்: மேஜர் லீக் சாக்கருக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் சாக்கர் ஆணையர் டான் கார்பர் அவர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஃப்ளஷிங் பௌன் தெருவில் 1977 இல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவள் நான். ஞாயிற்றுக்கிழமை தரிசனம் முடிந்ததும் கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை, அதன் பிறகு பிள்ளைகளோடு ஃப்ளஷிங் மெடோஸ் கொரோனா பூங்கா என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் வழக்கம். என் பிள்ளைகள் பந்தை உதைக்கப் பழகியது அந்தப் புல்லில்தான். கார்பர் அவர்களே, நீங்களும் குயின்ஸ்காரர். அந்தப் பூங்காவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் 2012 இல் உங்கள் கால்பந்து லீக் அங்கே அரங்கம் கட்ட இடம் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு நகரங்களில் அரங்கங்களுக்கு இடம் தேடும் இந்த வேளையில் அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அரங்கமே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். எங்கள் ஊருக்கென்று ஒரு கால்பந்து அணி வேண்டும், அதற்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. என் சண்டை இடத்தைப் பற்றியது மட்டுமே.

அப்போது நீங்கள் கேட்டது பூங்காவுக்குள் பதின்மூன்று ஏக்கர் வரையிலான நிலம். 25,000 பேர் அமரும் அரங்கம். கட்டும் செலவு முழுவதும் உங்களுடையது. இடம், 1964 உலகக் கண்காட்சிக்கு நீரூற்று ஆடிய பெரிய குளம். நீரூற்று நின்று பல காலம் ஆகிவிட்டது, தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, யாரும் பயன்படுத்தாத மூலைதானே என்பது உங்கள் தரப்பு வாதம். வரைபடத்தில் பார்த்தால் அது சரியாகத்தான் தோன்றும். நேரில் வந்து நின்றிருந்தால் அந்தக் குளத்தைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பாருங்கள். ஈக்வடாரிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தவர்கள், வாரம் ஆறு நாள் கட்டட வேலையிலும் உணவகச் சமையலறையிலும் உழைத்தவர்கள், சொந்த ஊரின் பெயர் பொறித்த சட்டையோடு களத்தில் இருப்பார்கள். நடுவர் உண்டு, புள்ளிப் பட்டியல் உண்டு, சண்டையும் சமாதானமும் உண்டு. ஒரு ஆட்டம் முடிவதற்குள் அடுத்த இரண்டு அணிகள் கோட்டுக்கு வெளியே காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு காத்திருக்கும். ஓரத்தில் பெண்கள் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டும் சுட்ட சோளமும் விற்பார்கள். பாட்டிமார்கள் மடக்கு நாற்காலியில் அமர்ந்து பேரனைத் திட்டியும் பாராட்டியும் தொண்டை வறண்டு போவார்கள். ஒருமுறை ஆள் குறைந்த ஓர் அணி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மகனைக் கையசைத்துக் கூப்பிட்டுப் பின்களத்தில் நிறுத்திக்கொண்டது. அவனுக்கு ஸ்பானிய மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஆட்டம் முடிந்து வரும்போது நாலு வார்த்தை தெரிந்திருந்தது. வீட்டில் சொல்லக்கூடியவை இரண்டு.

இந்த நாட்டில் கால்பந்தை வளர்ப்பதுதான் உங்கள் லீக்கின் வேலை என்று சொல்கிறீர்கள். அது ஏற்கெனவே செழித்து வளர்ந்திருந்த ஒரு மண்ணைத்தான் அதற்காகக் கேட்டீர்கள் என்பதே எனக்கு ஆறவில்லை. பார்ப்பவர்களுக்கு இருக்கை போட, ஆடுபவர்களின் புல்லை எடுப்பதா?

நியூயார்க் மாநிலச் சட்டப்படி பூங்கா நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க வேண்டுமானால் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஈடாக வேறு நிலமும் தர வேண்டும் என்பது வழக்கம். ஈடாகப் பேசப்பட்டது காலேஜ் பாயிண்டில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய ஃப்ளஷிங் விமான தளம். ஏக்கருக்கு ஏக்கர் என்று தாளில் கணக்கு நேராகிவிடும். பூங்காவை ஒட்டிய கொரோனா என்ற குடியிருப்புப் பகுதியில் ஒற்றை அறையில் ஐந்து பேராக வாழும் குடும்பம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே எப்படிப் போகும்? பூங்காவுக்கு மதிப்பு அதன் பரப்பளவால் மட்டும் வருவதில்லை, நடந்து போகிற தூரத்தில் அது இருப்பதால் வருகிறது. அந்தப் பூங்காவுக்குள் மெட்ஸ் பேஸ்பால் அணி இருக்கிறது, 1978 முதல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸும் இருக்கிறது. 897 ஏக்கர் என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். நெடுஞ்சாலைகளையும் வாகன நிறுத்தங்களையும் ஏரியையும் வேலி போட்ட அரங்கங்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு குழந்தை கேட்காமல் ஓடி விளையாடக்கூடிய இடம் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது புரூக்ளினின் சாம்பலைக் கொட்டிய மேடு. 1939 கண்காட்சிக்காகச் சீரமைத்துத்தான் பூங்கா ஆனது. ஐ.நா. பொதுச் சபை 1946 முதல் நான்கு ஆண்டுகள் கூடியதும் அங்கேதான். சாம்பல் மேட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்த நிலத்தை எளிதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கொரோனாவிலும் ஜாக்சன் ஹைட்ஸிலும் தேவாலயங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. 2013 மே மாதம் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்களும் யாங்கீஸ் பேஸ்பால் அணியும் சேர்ந்து நியூயார்க் சிட்டி எஃப்.சி. அணியை அறிவித்தார்கள், அதன்பின் பூங்காத் திட்டம் மெல்ல ஓய்ந்தது. 2015 முதல் அந்த அணி பிராங்ஸில் உள்ள யாங்கீ ஸ்டேடியத்தில், பேஸ்பால் திடலின் மண்மீது புல் விரித்து, குறுகிய ஆடுகளத்தில் ஆடியது. பேஸ்பால் ஆட்டத்தோடு தேதி மோதினால் மெட்ஸின் அரங்கமான சிட்டி ஃபீல்டுக்கோ, ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியின் ஹாரிசனுக்கோ போனது. 2021 இல் லீக் கோப்பையை வென்றபோதும் அதற்குச் சொந்த வீடு இல்லை. ரசிகர்களுக்கு அது பெரிய வேதனை. நானும் அதை உணர்ந்தேன். ஆனால் பூங்காவை எடுத்திருந்தால் அந்த வேதனை குயின்ஸ் பிள்ளைகளின் தலையில் இறங்கியிருக்கும், அதுவும் நிரந்தரமாக.

இப்போது அந்த அணியின் அரங்கம் பூங்காவின் விளிம்புக்கு அப்பால், வில்லெட்ஸ் பாயிண்டில் எழுகிறது. 2024 ஏப்ரலில் நகர மன்றம் ஒப்புதல் தந்தது. டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. 2027 இல் எதிஹாத் பார்க் என்ற பெயரில் திறக்கப் போகிறார்கள். செலவு சுமார் 78 கோடி டாலர், தனியார் பணம். 7 ஆம் எண் ரயிலும் லாங் ஐலண்ட் ரயிலும் வாசலில் நிற்கின்றன. அருகிலேயே குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென 2,500 வீடுகளும் 650 மாணவர்களுக்கு ஒரு பள்ளியும் வரும் என்கிறது திட்டம். பூங்காவோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு நல்ல இடம். தயங்காமல் சொல்கிறேன்.

ஆனால் இதுவும் காலி இடம் அல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட கார் பழுதுக் கடைகள் இருந்த முக்கோணம் அது. நகராட்சி அங்கே பல பத்தாண்டுகளாகக் கழிவுநீர்க் குழாய்கூடப் போட்டுத் தரவில்லை. மழை பெய்தால் தெருவே குளம். எங்கள் பழைய டொயோட்டாவின் பக்கக் கண்ணாடி உடைந்தபோது, ஈக்வடார்க்காரர் ஒருவர் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கடை தள்ளி ஓடி அதே நிறத்தில் ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து இருபது நிமிடத்தில் மாட்டினார். அவர் வாங்கிய தொகையில் வேறெங்கும் கண்ணாடியைக் கழற்றக்கூட மாட்டார்கள். ஒருவரிடம் இல்லாத பாகம் பக்கத்துக் கடையில் இருக்கும். அந்த நெருக்கம்தான் அவர்கள் தொழிலின் மூலதனம். பிரித்து ஆளுக்கொரு மூலையில் வைத்தால் தொழிலே செத்துப்போகும். அதை உணர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட கடைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பிராங்ஸின் ஹண்ட்ஸ் பாயிண்டுக்குப் போனார்கள். அங்கே கட்டடம் தயாராகாமலே இழுத்து, கடைசியில் அந்த இடமும் கைநழுவியது. இடிப்பு நேரத்துக்கு நடந்தது. மாற்றிடம் மட்டும் வரவே இல்லை.

அதை நீங்கள் செய்யவில்லை என்பீர்கள். உண்மைதான், அரங்கத்துக்கு வெகுகாலம் முன்பே நகராட்சி தொடங்கியது அது. இருந்தாலும் அந்த நிலத்தின் பயன் இன்று உங்கள் அணிக்குக் கிடைக்கிறது. நிலம் நகருக்குச் சொந்தம், அணி குத்தகைதாரர். அதனால் சொத்து வரி இல்லை. அந்தச் சலுகையின் மதிப்பு 49 ஆண்டுகளில் சுமார் 51.6 கோடி டாலர் என்று நகரின் சுயேச்சையான நிதிநிலை அலுவலகம் 2023 இல் கணித்தது. தனியார் பணத்தில் கட்டுகிறோம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இடத் தேர்வில் தவறினால் உங்களுக்கும் இழப்பே என்பதற்குச் சிகாகோ போதும். 2006 இல் ரயில் எட்டாத பிரிட்ஜ்வியூ என்ற புறநகரில், ஊராட்சி கடன் வாங்கி அரங்கம் கட்டியது. ரசிகர்கள் போய்ச் சேரவே சிரமப்பட்டார்கள். 2019 இல் சிகாகோ ஃபயர் அணி 6 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு நகருக்குத் திரும்பியது. கடன் அந்தச் சிற்றூரின் கழுத்தில் இருக்கிறது. இப்போது அதே அணியின் உரிமையாளர் நகர மையத்தை ஒட்டி, பழைய ரயில் நிலத்தில், 65 கோடி டாலர் சொந்தப் பணத்தில் கட்டப்போவதாக அறிவித்திருக்கிறார். பாஸ்டனுக்கு அருகே எவரெட்டில் அரங்கத்துக்குப் பேசப்படுவது பழைய மின் நிலைய நிலம். இவை சரியான திசை. அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் முதலிலேயே பேசுங்கள். வரைபடம் அச்சாகி மேடையில் திரை விலகிய பிறகு கேட்பதில் யாருக்கும் பயன் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இது. பொதுப் பூங்கா நிலத்தைக் கேட்பதில்லை என்பதை லீக்கின் எழுதப்பட்ட விதியாக்குங்கள். புதிய அணிக்கு உரிமம் தரும்போது உரிமையாளரின் வங்கிக் கணக்கை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறீர்களோ, அதே கவனத்தோடு அந்த நிலத்தில் யார் பிழைக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மாற்றிடம் கட்டி முடித்துச் சாவி கைக்குப் போகும் வரை ஒரு கடையையும் இடிக்க விடாதீர்கள். பணம் இல்லாத லீக் அல்ல உங்களுடையது.

குயின்ஸுக்கென்று தனியாக ஒன்று கேட்கிறேன். 2027 இல் அந்தப் புல் விரிக்கப்படும்போது, பெரிய அணிகள் காலடி வைப்பதற்கு முன்னால், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலைக்கு அந்தப் பக்கம் பூங்காவில் ஆடும் அணிகளைக் கூப்பிட்டு ஒரு முழு ஆட்டம் ஆட விடுங்கள். டிக்கெட் வேண்டாம். மாங்காய் விற்கும் பெண்களையும் உள்ளே விடுங்கள். மடக்கு நாற்காலிப் பாட்டிமார்களுக்கு நிழலான பக்கத்தில் இருக்கை கொடுங்கள். தோசைப் பொட்டலத்தோடு நாங்களும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஃப்ளஷிங்கிலிருந்து ஒரு தாய்